அப்பாவின் சத்துமாவுக் கஞ்சி

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த மாதம், அரிசியைக் குறைத்துவிட்டு மளிகைக் கடையில் கேழ்வரகுச் சத்துமாவு வாங்கி வந்தேன். காலையில் பெரிய டம்ளர் நிறையக் கஞ்சி. குடித்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் குளுக்கோமீட்டர் 248 காட்டியது. இட்லி சாப்பிட்ட நாள்களில்கூட அவ்வளவு ஏறியதில்லை. கருவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் அடுத்த விரலையும் நீட்டினார். 251.

கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் ஒரு தானியம் நம் தட்டுக்கு வருவதற்குள் என்ன பாடுபட்டது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் என்ற நொதி அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. மீதி வேலையைச் சிறுகுடல் சுவரிலுள்ள நொதிகள் முடிக்க, குளுக்கோஸ் ரத்தத்தில் கலக்கிறது. முழுக் கொண்டைக்கடலையை வேகவைத்து மென்று தின்றாலும், அதன் செல் சுவர்களில் பல உடையாமலே குடலுக்குப் போகின்றன. உள்ளே இருக்கும் மாவுச்சத்தை நொதி மெல்ல மெல்லத்தான் எட்ட முடியும். தானியத்தை மெஷினில் நைசாகத் திரித்தால் அந்தச் சுவர்கள் நொறுங்கிவிடும். பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடும்போது மாவு மணிகள் நீரைக் குடித்து உப்பிக் குழைகின்றன. மெல்லவும் தேவையில்லாத அந்தக் கஞ்சி இரைப்பையிலும் அதிக நேரம் தங்குவதில்லை. அப்பாவின் டம்ளரில் நடந்தது இதுதான்.

இந்த வேகத்தை அளக்க, டொரண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் கிளைசீமிக் குறியீட்டை அறிமுகப்படுத்தினார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால், நாம் பயப்படும் வெள்ளைச் சர்க்கரைக்கு ஏறத்தாழ 65. வெள்ளை ரொட்டி அதையும் தாண்டி 75-ஐ ஒட்டி நிற்கிறது. வேகவைத்த கொண்டைக்கடலை 30-க்கு அருகில். ஆனால் இது வேகத்தின் கணக்கு மட்டுமே. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

ஆகவே இப்போது என் கடைப் பட்டியலில் மாவு குறைந்து, முழுப் பயறும் கடலையும் காய்கறியும் கூடியிருக்கின்றன. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் இல்லை. இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள்.

பாக்கெட்டை எடுத்தால் உடனே திருப்பிப் பார்க்கிறேன். சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. கேழ்வரகு பிஸ்கட் என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டால், அதில் கேழ்வரகு எத்தனை சதவீதம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டியலில் முதலில் மைதா நிற்கிறது என்றால் அது மைதா பிஸ்கட். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற வரியைக் கண்டதும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரைத் தேடுகிறேன். அரைகுறையாக உடைத்த மாவுச்சத்து அது. சட்டப்படி ‘சர்க்கரை’ என்ற வரியில் அது சேராது. ரத்தத்திலோ குளுக்கோஸுக்கு ஈடான வேகத்தில் ஏறும். அதனால் சர்க்கரை வரியோடு நிற்காமல், மொத்த கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அந்த அளவு பெரும்பாலும் 100 கிராமுக்குத் தரப்பட்டிருக்கும். நம் டம்ளருக்கு எவ்வளவு என்று நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவருக்கு உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். மருந்து பழைய அளவிலேயே இருக்க, மாவுச்சத்து சட்டென்று குறைந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்வையும் நடுக்கமும் வரலாம். அப்போது பயறு உதவாது, சாக்லேட்டும் உதவாது. அதிலுள்ள கொழுப்பு உறிஞ்சுதலைத் தாமதப்படுத்தும். உடனே 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அதனால் அப்பாவுக்கென்று வாங்கும் பையில் ஒரு சின்ன குளுக்கோஸ் பாக்கெட்டும் உண்டு. அவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.