மண்டபத்து நாற்காலியும் தொடைத் தசையும்

“அப்பாவுக்கு 74 வயது. சுகர், பி.பி. இரண்டும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. ஆனால் ஒரு வருடமாகக் கல்யாணம் காட்சி எதற்குக் கூப்பிட்டாலும் ‘நீங்க போயிட்டு வாங்க’ என்கிறார். மனச்சோர்வாக இருக்குமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இருக்கலாம், அதையும் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு முன் அவர் நாற்காலியை விட்டு எப்படி எழுகிறார் என்று கவனியுங்கள். கைப்பிடியை ஊன்றுகிறாரா? முன்னும் பின்னும் ஒருமுறை ஆடிவிட்டு, அந்த வேகத்தில் எழுகிறாரா? உட்காரும்போது கடைசி நாலு விரற்கடையில் ‘தொப்’பென்று விழுகிறாரா?

ஃப்ரெய்ல்டி எனப்படும் முதுமைத் தளர்ச்சிக்கு அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃப்ரீட் குழுவினர் 2001இல் ஐந்து அடையாளங்கள் வகுத்தார்கள்: முயற்சி இல்லாமலே ஒரு வருடத்தில் சுமார் 4.5 கிலோ எடை குறைதல், தீராத அசதி, கையால் இறுக்கிப் பிடிக்கும் வலு குறைதல், மெதுவான நடை, உடலுழைப்பு குறைதல். மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசல். இவற்றில் எதுவும் ரத்தப் பரிசோதனையில் தெரியாது. அதனால்தான் ‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல்’ என்றபடியே ஒருவர் வீட்டுக்குள் முடங்கிவிட முடிகிறது.

எழுந்து நிற்பது சாதாரண வேலை இல்லை. நேராக நிற்கும்போது உடல் எடை முழங்கால் மூட்டுக்கு அருகே இறங்குகிறது. தொடைத் தசைக்கு அதிக வேலை இல்லை. இருக்கையை விட்டுப் பின்புறம் கிளம்பும் அந்தக் கணத்தில் எடை முழங்காலுக்கு வெகுவாகப் பின்னால் இருக்கிறது. அவ்வளவையும் முன்தொடைத் தசை நெம்பித் தூக்கியாக வேண்டும். பாதத்தைப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை குனிந்தால் சுமையில் ஒரு பகுதி இடுப்புத் தசைகளுக்குப் போய்விடும். முதுகை நிமிர்த்தியபடி எழப் பார்ப்பவர் திரும்ப உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

ஹோர்டோபாகி குழுவினர் 2003இல் அமெரிக்காவில் இதை அளந்தார்கள். நாற்காலியிலிருந்து எழ இருபதுகளில் இருப்பவர்கள் தங்கள் தொடையின் உச்ச வலுவில் சுமார் 42 சதவீதத்தைச் செலவிட்டார்கள்; எழுபதைக் கடந்தவர்கள் 80 சதவீதத்தை. மாடிப்படி இறங்கவும் கிட்டத்தட்ட அதே கதைதான். அப்பாவுக்கு ஒவ்வொரு எழுச்சியும் மூட்டை தூக்குவதற்குச் சமம் என்று பொருள். டவுன் பஸ் படி, மாடியில் பந்தி, கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி, அப்புறம் மண்டபத்தின் இந்தியன் டாய்லெட். இத்தனையையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் வரவில்லை என்கிறார். டாய்லெட்டைப் பற்றி மருமகளிடம் சொல்லக் கூச்சம். ‘போர் அடிக்குது’ என்று சொல்வது சுலபம்.

வலு எங்கே போனது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தண்டுவடத்தில் உள்ள ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் தசையில் நூற்றுக்கணக்கான இழைகளை இயக்குகிறது. அறுபதுக்கு மேல் இந்த நரம்பணுக்கள் வேகமாகக் குறைகின்றன. அனாதையான இழைகள் உடனே செத்துவிடுவதில்லை. பக்கத்து நரம்பு புதுக் கிளை விட்டு அவற்றைத் தன்னோடு இணைத்துக்கொள்கிறது. ஒரு தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் போனால் அடுத்த தெருவிலிருந்து லைன் இழுப்பது போல. ஆனால் மிஞ்சுபவை பெரும்பாலும் மெதுவாக இயங்கும் நரம்புகள். அவற்றின் கீழ் வந்த வேக இழையும் நாளடைவில் மெதுவான இழையாகவே மாறிவிடுகிறது. யாரும் இணைத்துக்கொள்ளாதவை சுருங்க, அந்த இடத்தில் கொழுப்பு ஏறுகிறது. தொடையின் சுற்றளவு பெரிதாக மாறாது. அதன் விசையும், அதைவிட முன்னதாக வேகமும், போயிருக்கும். தடுக்கினால் சட்டென்று காலை முன்னே வைக்க அந்த வேகம்தான் தேவை.

வீட்டிலேயே அளக்கலாம். 43–45 செ.மீ. உயரமுள்ள, கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். சோபா உதவாது, அமுங்கும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். ஆசியர்களுக்கான 2019 வரையறைப்படி 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். முழங்கால் தேய்மானம் இருந்தாலும் நேரம் கூடும். எழுந்ததும் தலை சுற்றினால் அது வேறு விஷயம், பி.பி. மாத்திரையின் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

‘வயசாச்சு, ரெஸ்ட் எடுங்க’ என்பதைப் போலக் கெடுதலான அக்கறை வேறு இல்லை. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் பத்தே நாள் படுக்கையில் இருந்ததற்குக் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தார்கள். மறுபக்கம், 1990இல் பாஸ்டனில் ஃபியாட்டரோன் குழு 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தது. கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

வாக்கிங் நல்லதுதான், ஆனால் தொடைக்கு அந்தச் சுமை போதாது. உயரமான இருக்கையில் தொடங்கி (நாற்காலி மேல் மடித்த ஜமுக்காளம் போதும்) எட்டுப் பத்து முறை எழுந்து உட்காரட்டும். சற்று ஓய்ந்து, மொத்தம் மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு மூன்று நாள். எழும்போது விரைவாக, மூச்சை விட்டபடி. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். உட்கார மூன்று நொடி. சுலபமானால் ஜமுக்காளத்தின் ஒவ்வொரு மடிப்பாகக் குறையுங்கள்.

புரதமும் வேண்டும்: எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். 60 கிலோ இருப்பவருக்கு நாளுக்கு 60–72 கிராம். ‘ராத்திரிக்கு ரெண்டு இட்லி போதும்’ என்பதில் நாலைந்து கிராம்தான் கிடைக்கும். முட்டை ஒன்றில் 6 கிராம். சுண்டல், மீன், பருப்பு, தயிர் என்று வேளைதோறும் பிரித்துச் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம். டப்பா பவுடரை மட்டும் நம்பிப் பயனில்லை: அதே ஃபியாட்டரோன் குழு 1994இல் முதியோர் இல்லத்தில் 100 பேரிடம் சோதித்தபோது, பயிற்சி இல்லாத சத்துபானம் வலுவைக் கூட்டவில்லை.

கிண்டியில் 2024இல் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை திறந்தார்கள், நல்லது. ஆனால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் பி.பி. பார்க்க வீட்டுக்கே வருகிறார். அந்த வீட்டு நாற்காலியில் ஐந்து முறை எழச் சொல்லி, செல்போனில் நேரம் பார்த்து அட்டையில் எழுத ஒரு நிமிடம் போதும். ஒரு ரூபாய் செலவில்லை. மண்டபக்காரர்கள் தங்கள் பங்குக்குக் கழிப்பறைச் சுவரில் போல்ட் போட்டு ஒரு கம்பி பதிக்கலாம். இப்போது பெரியவர்கள் பிடித்து எழுவது டவல் ஸ்டாண்டை. அது ஓர் ஆளின் எடையைத் தாங்காது, திருகோடு பெயர்ந்து வந்துவிடும்.