மாட்டுக்குப் போட்ட ஊசியும் மாயாற்றுப் பாறுகளும்

“டாக்டரம்மா, போன தடவை ஒரு பையன் வந்து போட்டானே, அதே ஊசியைப் போடுங்க. ஒரு மணி நேரத்துல எந்திரிச்சு தீனி தின்னுச்சு.”

நீலகிரி அடிவாரத்தில் மாயாறு பள்ளத்தாக்கை ஒட்டிய ஒரு பட்டியில் போன மாதம் ஒரு பாட்டி என்னிடம் கேட்டது இது. பசுவுக்கு மடிநோய். காம்பில் கை பட்டாலே காலை உதறியது. உடம்பு அனலாகக் கொதித்தது. என்ன ஊசி என்று கேட்டேன். கூரையில் செருகி வைத்திருந்த பிளாஸ்டிக் பையை எடுத்துப் பிரித்துக் காட்டினார். உள்ளே உடைத்த சின்னக் குப்பிகள் ஏழெட்டு. எல்லாம் மனிதர்களுக்குப் போடுகிற 3 மில்லி டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து.

பாட்டியின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. வாயில்லா ஜீவன் படுகிற வேதனையை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பையிலும் எப்போதும் இருந்த மருந்து அது. காய்ச்சல், நொண்டல், கன்று ஈனமுடியாமல் தவிக்கும் மாடு என எல்லாவற்றுக்கும் அதைத்தான் போட்டேன். விலை குறைவு, உடனே கேட்கும். பிழைத்த மாட்டால் யாருக்கும் தீங்கில்லை. ஊசி போட்ட ஓரிரு நாளில் செத்துப்போன மாடுகளை நினைத்தால்தான் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அவற்றை ஊருக்கு வெளியே பாறையில் போட்டுவிடுவார்கள். அங்கே எத்தனை பறவைகள் இறங்கின, அதில் எத்தனை திரும்பப் பறந்தன என்று நான் போய்ப் பார்த்ததே இல்லை.

நாம் பிணந்தின்னிக் கழுகு என்று முகம் சுளித்துச் சொல்கிற பாறுகளைத்தான் சொல்கிறேன். சங்கப் பாடல்களிலேயே பாறு, எருவை என்று வருகிற பறவை இது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் பொங்கல் தின்ன வந்த இரண்டு மஞ்சள்முகப் பாறுகளை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்த மருந்து பாறுகளை எப்படிக் கொல்கிறது? பறவைகள் உடம்பின் கழிவை யூரிக் அமிலமாக, அந்த வெள்ளை எச்சமாக வெளியேற்றுகின்றன. பிரித்து அனுப்பும் வேலை சிறுநீரகத்துடையது. டைக்ளோஃபெனாக் தங்கிய இறைச்சியைத் தின்ற பாறுக்கு முதலில் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் இரத்தத்தில் ஏறி, ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிகிறது. ஓரிரு நாளில் தலை தொங்கி, உட்கார்ந்த கிளையிலிருந்தே விழுந்து சாகிறது. பாகிஸ்தானில் செத்த பாறுகளை ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற ஆய்வாளரின் குழுதான் காரணம் இந்த மருந்து என்று 2004இல் நிரூபித்தது. அதற்குள் இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த பாறுகள் கிட்டத்தட்ட முழுதாகப் போய்விட்டன. வெண்முதுகுப் பாறு மட்டும் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது.

மாடுகளில் ஏதோ சிலவற்றுக்குத்தானே இந்த ஊசி போடுகிறோம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே இந்தப் பேரழிவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரு மாடு விழுந்தால் வானத்தில் வட்டமிடும் ஒன்று இறங்கும், அதைப் பார்த்து இன்னொன்று, அப்புறம் சுற்று வட்டாரத்துப் பறவைகள் எல்லாம் ஒரே பந்தியில் உட்காரும். ஒரு சடலத்தில் மருந்து இருந்தால் போதும், ஒரு கூட்டமே போய்விடும். வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானே முட்டையிட ஐந்தாறு ஆண்டாகும். இழப்பை ஈடுகட்ட அதனால் முடியவே முடியாது.

பாறு இல்லாத ஊரில் செத்த மாட்டை நாய்கள் தின்கின்றன. நாய் பெருகினால் வெறிநோயும் பெருகும். பாறு இல்லாமல் போனதால் இந்தியாவில் ஐந்தாண்டுகளில் சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும் என்று 2024இல் வெளிவந்த ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் போடுவதை 2006இல் அரசு தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015இல் அந்தக் குப்பியையும் 3 மில்லியாகச் சுருக்கியது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளையும் கால்நடைகளுக்குப் போடத் தடை வந்தது. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். அடுத்து நிமிசுலைடும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. ஆனாலும் பாட்டியின் பையில் அந்த ஏழெட்டுக் குப்பிகள் இருந்தன.

அன்று அந்தப் பசுவுக்கு நான் போட்டது மெலாக்சிகம். பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்து உறுதிசெய்த மருந்து. டால்ஃபெனமிக் அமிலமும் அப்படித்தான். இரண்டும் கடையில் கிடைக்கும், விலையும் கட்டுப்படியாகும். கூடவே நோய்க்கிருமிக்கான மருந்தும் கொடுத்து, பாலை அடிக்கடி கறந்து கீழே கொட்டச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் பசு தீனி எடுத்தது. “கொஞ்சம் லேட்டாத்தான் கேக்குது” என்றார் பாட்டி. உண்மைதான். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லித்தான் மாடு வளர்க்கிற ஒவ்வொருவரிடமும் கெஞ்சுகிறேன். ஊசி போட வருகிறவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள், காலிக் குப்பியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்ன மருந்து போட்டது என்று தெரியாமல் மாடு செத்தால் வெளியில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அறுக்காமல், தோலை உரிக்காமல் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இன்னொரு சாவும் இந்தப் பக்கம் நடக்கிறது. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிடும். பால் ஊற்றிப் பிழைக்கிற வீட்டில் அது எத்தனை பெரிய இடி என்று எனக்குத் தெரியும். ஆத்திரத்தில் மிச்சச் சடலத்தின் மேல் குருணைப் பூச்சிமருந்தைத் தூவிவிடுகிறார்கள். புலி திரும்பி வருகிறதோ இல்லையோ, காலையில் பாறுகள் வந்துவிடும். இதில் எங்கள் மேலும் தவறு உண்டு. வனத்துறை இழப்பீட்டுக்குக் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும். அதற்கு இரண்டு நாள் அலையவிட்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? தகவல் வந்த அன்றே போய்ச் சான்று எழுதுவது என்று சில ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதற்கு அப்புறம் என் எல்லைக்குள் விஷம் வைத்ததாக எனக்குத் தகவல் வரவில்லை.

இங்கே ஆற்றோரத்து நீர்மருது மரங்களில்தான் வெண்முதுகுப் பாறுகள் பெரும்பாலும் கூடு கட்டும். போன ஞாயிறு வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் தூரத்தில் நின்று தொலைநோக்கியில் ஒரு கூட்டைக் காட்டினார். சுள்ளிக்கு நடுவே சாம்பல் நிறப் பஞ்சுருண்டையாக ஒரு குஞ்சு. வெயில் ஏறி பத்தரை மணி இருக்கும், தாயோ தகப்பனோ, புடைத்த இரைப்பையோடு வந்து இறங்கியது. குஞ்சு கழுத்தை நீட்டிக் கத்த, பெரியது தலையைக் குனிந்து கக்கி ஊட்டியது. கூட வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இறைச்சி எந்தப் பட்டி மாட்டுடையது, கடைசியாக அதற்கு யார் என்ன ஊசி போட்டார்கள் என்பதே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.