தோத்தவனும் காசு கட்டணும்: கீழ் டிவிஷன் ஃபுட்பால் கிளப்புங்க ஏன் எப்பவும் கடன்லயே கிடக்குது

2019 ஆகஸ்ட் 27. மான்செஸ்டர் பக்கத்துல பெரின்னு ஒரு ஊரு. அந்த ஊர் கிளப்போட கிக் லேன் ஸ்டேடியத்துல நூத்துக்கணக்கான பேரு துடைப்பமும் பக்கெட்டுமா வந்து சீட்டெல்லாம் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. சனிக்கிழமை மேட்ச் நடக்கும்னு ஒரு நம்பிக்கை. அதுக்கு சில நாள் முன்னாடிதான் கிளப்போட முன்னாள் இயக்குநரம்மா ஒருத்தர் ஸ்டேடியம் வாசல்ல இருந்த தண்ணிக்குழாயோட தன்னையே விலங்கு போட்டு பூட்டிக்கிட்டாங்க. கிளப்பை வித்து முடிக்க லீக் குடுத்த கெடு சாயங்காலம் 5 மணி. கிளப்பை வாங்க வந்த கம்பெனி கடைசி நேரத்துல கணக்கைப் பார்த்துட்டு கழண்டுக்கிச்சு. ராத்திரி அறிவிப்பு வந்துச்சு, பெரி கிளப் லீக்ல இருந்து நீக்கம்.

1885-ல ஆரம்பிச்ச கிளப் அது. இங்கிலாந்துல பெரிய கிளப்பும் சின்ன கிளப்பும் ஒண்ணா மோதுற நாக்-அவுட் போட்டி எஃப்ஏ கப், அதோட 1903 ஃபைனல்ல டெர்பி கவுண்டிய 6-0ன்னு துவைச்சு எடுத்தவங்க. அந்த ரெக்கார்டை ஒருத்தரும் தொடாம இருந்து, கடைசில பக்கத்து வீட்டு மான்செஸ்டர் சிட்டி 2019 மே மாசம்தான் சமன் பண்ணுச்சு, அதே வருஷம் ஆகஸ்ட்ல பெரி இல்ல. இன்னொரு கொடுமை என்னன்னா அந்த சீசன்ல பெரி தோத்து ஒண்ணும் போகல, ப்ளேயர்ஸுக்கு ஒழுங்கா சம்பளமே வராத நிலைமையில ஆடி ஜெயிச்சு லீக் டூல இருந்து லீக் ஒன்னுக்கு ப்ரோமோஷன் வாங்கியிருந்தாங்க.

ஜெயிச்ச டீம் எப்படிங்க திவாலாகும்? ஓனர் சரியில்லன்னு ஒரு வரில முடிச்சுடலாம், நிறைய இடத்துல அது உண்மையும்கூட, ஆனா ஓனர் மாறி மாறி வந்தாலும் இதே கதை வேற வேற ஊர்ல திரும்பத் திரும்ப நடக்குதுன்னா கோளாறு ஆள்கிட்ட மட்டும் இருக்க முடியாது, ஏணியோட அமைப்புலயே இருக்கணும்.

இங்கிலாந்துல மேல ப்ரீமியர் லீக், அதுக்குக் கீழ சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூன்னு மூணு டிவிஷன். இந்த மூணையும் நடத்துறது இஎஃப்எல், அதாவது இங்கிலீஷ் ஃபுட்பால் லீக். ப்ரீமியர் லீக்ல கடைசி இடத்துல வந்து கீழ இறங்குற டீமுக்கே ஒரு சீசனுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல லீக் பணம் கிடைக்குது. இஎஃப்எல்லுக்கு 2024-ல இருந்து அஞ்சு வருஷத்துக்கு டிவி ஒப்பந்தம் 93.5 கோடி பவுண்டு. கேக்க பெருசா இருக்கும், ஆனா 72 கிளப்புக்கு பிரிக்கணும், அதுவும் சாம்பியன்ஷிப்புக்கு 80 சதவீதம், லீக் ஒன்னுக்கு 12, லீக் டூவுக்கு 8. கால்குலேட்டர்ல தட்டிப் பாருங்க, ஒரு லீக் டூ கிளப்புக்கு வருஷத்துக்கு சுமார் 6 லட்சம் பவுண்டுதான் தேறும். ப்ரீமியர் லீக் கொடுக்குற உதவித்தொகை தனியா வரும், அதையும் சேர்த்தாலும் மேல இருக்கறவன் பக்கத்துலகூட போக முடியாது. படிக்கு படி உயரம் கொஞ்சம் கொஞ்சமா கூடுற ஏணி இல்ல இது, கடைசிப் படிக்கு மேல மாடியே தனியா அந்தரத்துல தொங்குது.

இப்ப ஒரு வினோதமான ஏலத்தை யோசிச்சுப் பாருங்க. 24 பேரு ஏலம் கேக்குறாங்க, பரிசு மூணு பேருக்குத்தான், ஆனா ஏலம் கேட்ட அத்தனை பேரும் கேட்ட தொகையை கட்டியே ஆகணும், தோத்தவனுக்கும் ரீஃபண்ட் கிடையாது. பொருளாதாரத்துல இந்த மாதிரி ஏலத்தை ரொம்ப நாளா ஆராய்ச்சி பண்றாங்க. எல்லாரும் கட்டுற தொகையைக் கூட்டிப் பார்த்தா பரிசோட மதிப்பையே தாண்டிப் போற அபாயம் இதுல இருக்கு. ஏன்னா பாதி வழி வந்தவனுக்கு இதுவரைக்கும் போட்ட காசு எப்படியும் போச்சு, இன்னும் கொஞ்சம் போட்டா ஒருவேளை பரிசு கிடைக்கும்னு தோணும், எதிராளிக்கும் அதே நேரத்துல அதேதான் தோணும். ஒவ்வொருத்தனும் தனித்தனியா பார்த்தா புத்தியோடதான் நடந்துக்கிறான், மொத்தமா பார்த்தா பைத்தியக்காரத்தனம்.

சாம்பியன்ஷிப் அச்சு அசல் இந்த ஏலம்தான். 24 டீம்ல மூணு மேல போகும், மூணு கீழ போகும். ஏலத்தொகை எதுன்னா ப்ளேயர் சம்பளம், ஏன்னா அதிக சம்பளம் குடுக்குற டீம் பொதுவா மேலதான் முடிக்குது, இது ஃபுட்பால்ல நல்லா நிரூபணமான விஷயம். 2018-19 சீசன்ல சாம்பியன்ஷிப் கிளப்புங்க மொத்தமா 100 பவுண்டு வருமானத்துக்கு 107 பவுண்டு சம்பளமா குடுத்திருக்காங்க. கோவிட்ல ஸ்டேடியம் காலியா கிடந்த 2020-21ல அது 125. கரண்ட் பில், புல்தரை, பஸ் வாடகை எல்லாம் அதுக்கு மேல! வேற எந்த பிசினஸ்லயாவது மொத்தத் தொழிலும் இப்படி வருஷக்கணக்கா ஓடினா ஒரு பேங்க் மேனேஜர் உள்ள விடுவாரா சொல்லுங்க.

இதுல எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்துறது பாராசூட் பேமென்ட். மேல இருந்து கீழ விழுந்த டீமுக்கு அடி பலமா படக்கூடாதுன்னு ப்ரீமியர் லீக் டிவி பணத்துல சமமா பிரிக்கிற பங்குல முதல் வருஷம் 55 சதவீதம், அடுத்து 45, மூணாவது வருஷம் 20 குடுக்குறாங்க. எண்ணம் நல்லதுதான், பெரிய சம்பள ஒப்பந்தத்தை ராத்திரியோட ராத்திரியா கிழிக்க முடியாதே. ஆனா அந்த டீம் அதே பணத்தோட சாம்பியன்ஷிப் ஏலத்துல வந்து உக்காருது, மத்தவங்க அதுக்கு ஈடு குடுக்க சொந்தப் பாக்கெட்டை கிழிக்கணும்.

ஓனர் வர்றது இங்கதான். மாசாமாசம் விழுற ஓட்டையை அவர் கைக்காசுல அடைப்பார், பல நேரம் கிளப்புக்கு கடன்னு எழுதி வெச்சுக்கிட்டு. யானையை கட்டி தீனி போடுற வேலை. நஷ்டத்துக்கு வரம்பு வெச்சாங்க, சாம்பியன்ஷிப்ல மூணு வருஷத்துக்கு 3.9 கோடி பவுண்டு, அதையும் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க பாருங்க, ஸ்டேடியத்தை ஓனரோட கம்பெனிக்கே வித்து லாபக்கணக்கு காட்டுறது. 2018-ல டெர்பி கவுண்டி தன் ஸ்டேடியத்தை 8 கோடிக்கு மேல இப்படித்தான் வித்துச்சு. 2021 செப்டம்பர்ல திவால் நிர்வாகத்துக்குப் போச்சு, மொத்தம் 21 பாயிண்ட் வெட்டு, அடுத்த ஏப்ரல்ல லீக் ஒன்னுக்கு இறக்கம்னு உறுதியாச்சு. ஓனருக்கு சலிப்பு வந்தாலோ அவரோட வேற தொழில் படுத்தாலோ அன்னைக்கே கிளப்புக்கு மூச்சு முட்டும். பெரி கிளப்பை 2018 டிசம்பர்ல அடுத்த ஓனர் வாங்கின விலை எவ்வளவு தெரியுமா, 1 பவுண்டு. கடனோட சேர்த்து.

பணம் வர்ற நேரமும் சதி பண்ணும். சீசன் டிக்கெட் காசு கோடையிலயே மொத்தமா வந்துரும், அதுல போன சீசன் பாக்கியை அடைப்பாங்க, அப்புறம் குளிர்காலத்துல சம்பளத்துக்கு எங்க போறது?

திவாலானா யாருக்கு முதல்ல பணம்ங்கறதுலயும் ஒரு விசேஷம் இருக்கு, எனக்கு ரொம்ப கடுப்பாகுற இடம் இதுதான். லீக்ல தொடரணும்னா ப்ளேயர் சம்பளமும் மத்த கிளப்புக்கு தர வேண்டிய டிரான்ஸ்பர் பாக்கியும் முழுசா அடைக்கணும், மத்த கடன்காரங்களுக்கு கிடைச்ச வரைக்கும். பெரில 2019 ஜூலைல போட்ட திட்டத்துல ஃபுட்பால் கடனுக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 25. போர்ட்ஸ்மத் 2010-ல திவாலானப்ப பணம் வராதவங்க லிஸ்ட்ல மேட்ச்சுக்கு முதலுதவி செய்ய வந்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இருந்துச்சு.

தப்பிச்ச கிளப்பும் உண்டு. எக்ஸெட்டர் சிட்டி 2003-ல ரசிகர்கள் கைக்கு வந்தப்போ லீக்ல இருந்தே கீழ விழுந்து கடன்ல கிடந்துச்சு. 2005 ஜனவரி எஃப்ஏ கப்ல ஓல்ட் ட்ராஃபோர்டுக்குப் போய் மான்செஸ்டர் யுனைடெட்டை 0-0ன்னு நிறுத்திட்டாங்க. எஃப்ஏ கப்ல டிக்கெட் வசூல்ல வந்த டீமுக்கும் பங்கு உண்டு, அதோட ட்ரா ஆனதால சொந்த ஊர்ல ஒரு ரீப்ளே, அதாவது மறு ஆட்டம், அதுக்கு டிவி பணம். ரீப்ளேல ரொனால்டோவும் ரூனியும் கோல் போட்டு தோக்கடிச்சாங்க, ஆனா கடனை அடைக்க வழி பிறந்துருச்சு. அப்புறம் தாங்களே வளர்த்த ஆலி வாட்கின்ஸை 2017-ல ப்ரென்ட்ஃபோர்டுக்கு விக்கும்போது, நாளைக்கு நீங்க வித்தா எங்களுக்கும் பங்குன்னு எழுதி வாங்கிட்டாங்க. 2020-ல ஆஸ்டன் வில்லா அவரை 2.8 கோடிக்கு வாங்கினப்ப உக்காந்த இடத்துல எக்ஸெட்டருக்கு பணம் வந்துச்சு. அந்த ரீப்ளேவை 2024-25ல இருந்து எடுத்துட்டாங்க, பெரிய கிளப்புக்கு மேட்ச் ஜாஸ்தியாம்.

சம்பளத்துக்கே உச்சவரம்பு வெச்சா ஏலம் நிக்குமேன்னு கேக்கலாம். 2020-ல வெச்சாங்க, லீக் ஒன்னுக்கு 25 லட்சம், லீக் டூவுக்கு 15 லட்சம் பவுண்டு. ப்ளேயர் சங்கம் எதிர்த்துச்சு, 2021 பிப்ரவரில தூக்கிட்டாங்க. இப்ப 2025-ல சட்டம் போட்டு தனி ஒழுங்குமுறை அமைப்பே வந்திருக்கு, கிளப்போட கணக்கைப் பார்த்து லைசென்ஸ் தருவாங்களாம்.

இவ்வளவு கடன்லயும் கிளப்புங்க அடியோட சாகுறது ரொம்ப அபூர்வம். 1888-ல லீக் ஆரம்பிச்ச 12 டீம்ல 11 இன்னைக்கும் ஆடுது, போனது அக்ரிங்டன் ஒண்ணுதான். கடை சரியில்லன்னா நம்ம வேற கடைக்குப் போவோம், ஃபுட்பால் ரசிகன் போக மாட்டான், அதனால எவ்வளவு நாசமாக்கினாலும் வாங்க இன்னொருத்தர் வந்துக்கிட்டே இருப்பார், ஏலமும் நிக்காது. பெரி ரசிகர்களும் அப்படித்தான். ஸ்டேடியத்தை 2022-ல மீட்டு, 2023-ல அதே கிக் லேன்ல ஆட்டத்தை ஆரம்பிச்சுட்டாங்க, பழைய இடத்துக்கு பல டிவிஷன் கீழ. அந்த மட்டத்துல சில நூறு பேரு வந்தாலே பெரிய விஷயம், இவங்க ஆயிரக்கணக்குல வர்றாங்க.