உள்ளே நுழைகிறது என்பதற்காக 45-70 தோட்டாவைச் சுட்டுவிடாதீர்கள்

45-70 தோட்டாவை அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்டது. அளவு அதன் பெயரிலேயே இருக்கிறது: 0.45 அங்குலக் குண்டு, 70 கிரெயின் கரிமருந்து (அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்து), அதாவது சுமார் நாலரை கிராம். குண்டின் எடை 405 கிரெயின், ஏறக்குறைய 26 கிராம். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையின் 'ட்ராப்டோர்' ரைஃபிளுக்காகப் பிறந்த இந்தத் தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. இதற்கென்று புது ரைஃபிள்களும் வந்துகொண்டே இருக்கின்றன. ஆபத்து தொடங்குவதே இந்த நீண்ட ஆயுளில்தான்.

நான் உலோகவியல் பொறியாளர். உடைந்த பாகம் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது என் தொழில். அமெரிக்காவில் இந்த வேலையில் இருந்தால் வெடித்துச் சிதறிய துப்பாக்கிகளும் அவ்வப்போது மேசைக்கு வரும். சுட்ட பித்தளைக் கூட்டில் புது பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பி), மருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவது இங்கே பலரும் வீட்டில் செய்யும் பொழுதுபோக்கு. (இந்தியாவில் உரிமம் இல்லாமல் இதைச் செய்வது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம்.) இங்குள்ள தமிழ் நண்பர்கள் சிலரும் இதில் இறங்கியிருப்பதால்தான் தமிழில் எழுதுகிறேன்.

ட்ராப்டோரின் பின்பக்க மூடி கீல் வைத்து மேல்நோக்கித் திறக்கும். கரிமருந்தின் மென்மையான அழுத்தத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அப்புறம் மார்லின் 1895 போன்ற, கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள்கள் வந்தன. 1967-இல் அறிமுகமான ரூகர் நம்பர் 1 என்ற ரைஃபிள் அவற்றைவிட உறுதியானது. அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு 45-70க்கு வைத்திருக்கும் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு. ரூகருக்கென்று தோட்டா ஏற்றும் கையேடுகள் தரும் அளவுகளின் அழுத்தம் அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் போகும். அதனால்தான் 45-70க்குக் கையேட்டில் ட்ராப்டோர், லீவர், நவீன ரைஃபிள் என்று மூன்று தனிப் பட்டியல்கள் இருக்கின்றன. ஆனால் மூன்று பட்டியலிலிருந்து செய்த தோட்டாக்களையும் மேசைமேல் வைத்தால் வெளியே பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் எந்த 45-70 ரைஃபிளுக்குள்ளும் தடையில்லாமல் போகும்.

அப்படித் தோட்டா மாறிப்போய் உடைந்த ட்ராப்டோர் ஒன்று எங்களிடம் வந்தது. உடைந்த பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தோம். நாள்பட்ட விரிசல் என்றால் வரிவரியாகத் தடம் இருக்கும். இதில் அது இல்லை. குழிக்குழியாக இருந்தது, ஒரே அடியில் தாங்காமல் பிய்ந்திருக்கிறது. மீதித் தோட்டாக்களைப் பிரித்து எடை போட்டபோது காரணம் புரிந்தது. அவற்றை ஏற்றியவர் அளவில் பிசகவே இல்லை. அவருடைய நவீன ரைஃபிளுக்கு அது சரியான அளவு. கைமாறி வந்த பெட்டியில்தான் ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. சுட்டவர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பிரைமர் தட்டையாகிறதா, கூட்டின் அடியில் தடம் பதிகிறதா என்று பார்த்து அழுத்தத்தைக் கணிக்கலாம் என்று அனுபவசாலிகளே சொல்வார்கள். பித்தளையில் அந்த அடையாளங்கள் தெளிவாகத் தெரிய, பெரும்பாலும் 60,000 பவுண்டை நெருங்கும் அழுத்தம் வேண்டும். ட்ராப்டோர் அதற்கு வெகு முன்னாலேயே உடைந்துவிடும். "பிரைமர் நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்" என்ற கணக்கு பழைய ரைஃபிளில் செல்லவே செல்லாது.

கூட்டின் அளவும் ஒரு பொறி. கரிமருந்துக்காகச் செய்யப்பட்ட பெரிய கூடு அது. கரிமருந்து என்றால் காற்றிடம் இல்லாமல் நிரப்ப வேண்டும். இன்றைய தோட்டாக்களில் வரும், அதைவிட வலிமையான புகையில்லா மருந்தை அதே கொள்ளளவுக்கு ஒருநாளும் நிரப்பக் கூடாது, துப்பாக்கி உங்கள் முகத்துக்கு முன்னால் வெடிக்கும். வேகமாக எரியும் மருந்து கூட்டில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பினாலே அதிகம். அதனால் கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது, குண்டு சமர்த்தாக உட்கார்ந்துவிடும். குண்டு வைப்பதற்கு முன்னால் எல்லாக் கூடுகளுக்குள்ளும் டார்ச் அடித்து மட்டத்தைப் பாருங்கள். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

லீவர் ரைஃபிளில் குழாய் மேகசின் (தோட்டாக்களை வரிசையாக வைக்கும் குழாய்) என்றால் கூர்முனைக் குண்டு வேண்டாம். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் தோட்டாக்களில் பின்னாலிருக்கும் கூர்முனை முன்னாலிருக்கும் பிரைமரைத் தட்டிவிடலாம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருப்பதால் பழைய கூடுகளைச் சுத்தம் செய்யும்போது வரும் தூசி குழந்தைகள் நடமாடும் இடத்தில் பறக்கக் கூடாது.

பெட்டியில் மருந்தின் பெயர், அளவு, குண்டின் எடை, தேதி, எந்த ரைஃபிளுக்கு என்ற ஐந்தையும் எழுதுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் உங்கள் பிள்ளையோ நண்பரோ அந்தப் பெட்டியைத் திறக்கலாம். யார் ஏற்றியது என்று தெரியாத தோட்டா கையில் வந்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சுடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். துப்பாக்கிக் கழகத்தில் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பித்தளைக் கூடு திரும்பக் கிடைக்கும். உள்ளிருந்து கொட்டும் மருந்தை மட்டும், நிறத்தைப் பார்த்து இன்னதுதான் என்று முடிவுகட்டி மறுபடி பயன்படுத்தக் கூடாது.