நிறம் மங்கிய குருவிக்கு மருந்து கேட்பவர்களுக்கு

திருகோணமலையில் மிருக வைத்தியராகப் பணியாற்றும் எனக்கு மாடு, ஆடு, நாய், கோழி ஆகியவைதான் அன்றாட வேலை. ஆனாலும் வருடந்தோறும் கச்சான் காற்று வீசும் மாதங்களில், ஓட்டை போட்ட சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு குருவியை வைத்துக்கொண்டு யாராவது என் வாசலில் வந்து நிற்பார்கள். சிலர் வளவில் அடிபட்டு விழுந்து கிடந்ததைக் கொண்டுவருவார்கள். வேறு சிலர் வீட்டில் கூட்டில் வளர்ப்பதைக் கொண்டுவருவார்கள். இரண்டாவது வகையினரின் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "டொக்டர், நிறம் மங்கிப் போச்சு. ஏதாவது விற்றமின் துளி தாங்கோ."

கடையில் விற்கும் எந்தத் துளியும் மங்கிய இறகை மறுபடி நிறமாக்காது. முளைத்து முடிந்த இறகு எங்கள் நகத்தையும் தலைமயிரையும் போன்றது. அதற்குள் இரத்த ஓட்டம் இல்லை, உயிருள்ள கலமும் இல்லை. அது தோலிலிருந்து வளர்ந்த அந்தச் சில கிழமைகளில் பறவை என்ன உண்டது, எப்படி வாழ்ந்தது என்பதைப் பொறுத்தே அதன் நிறமும் உறுதியும் அமைகின்றன. வெயிலும் தேய்மானமும் அதை மேலும் மங்கச் செய்யலாமே தவிர, அந்த இறகு உதிர்ந்து புதியது முளைக்கும் வரை அதில் நிறத்தைக் கூட்ட எவராலும் முடியாது.

சென்ற ஒக்டோபரில் கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கும் என் மூத்த அக்கா தொலைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கோடை முழுவதும் அவருடைய பின்வளவில் தொங்கும் தீனிக் குழாய்க்குப் பேயெள்ளு தின்ன வந்த பொன்மஞ்சள் குருவிகள் காணாமல் போய்விட்டன என்றும், அவற்றின் இடத்தைச் சாம்பல் கலந்த பழுப்புக் குருவிகள் பிடித்துக்கொண்டன என்றும் அவர் கவலைப்பட்டார். இரண்டும் ஒரே குருவிகள்தான். அமெரிக்கப் பொற்குருவி எனச் சொல்லத்தக்க அந்த இனத்தின் ஆண், கோடையின் இறுதியில் தன் மஞ்சள் இறகுகளை உதிர்த்துவிட்டு மங்கலான ஒலிவ் பழுப்பு நிற இறகுகளோடு குளிர்காலத்தைக் கழிக்கும். குளிர் குறையத் தொடங்கும்போது உடல் இறகுகளை மட்டும் இரண்டாம் முறை மாற்றி மறுபடி மஞ்சளாகும். அலகின் நிறமும் இனப்பெருக்க காலத்தில் செம்மஞ்சளாக மாறும். ஏப்ரலில் அக்கா அனுப்பிய அடுத்த படத்தில் பாதி பழுப்பும் பாதி மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக ஒரு குருவி இருந்தது. அதற்குச் சொறி பிடித்துவிட்டதா என்று கேட்டிருந்தார். அது இறகு மாற்றத்தின் நடுவில் நின்ற ஆரோக்கியமான ஆண் குருவி.

அதே தவறை எங்கள் ஊரிலும் பார்க்கிறேன். உவர்மலையிலும் பாலையூற்றிலும் செவ்வரத்தைப் பூவைத் துளைத்துத் தேன் குடிக்கும் ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்க காலத்தில் கருநீலமாக மின்னும். அந்தக் காலம் முடிந்ததும் அது பேடையைப் போல வயிற்றுப்புறம் மஞ்சளாகவும் முதுகு பழுப்பாகவும் மாறிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை இறங்கும் ஒரு கறுப்புக் கோடு மட்டுமே அது ஆண் என்பதைக் காட்டும். இப்படி மாறிக்கொண்டிருந்த தேன்சிட்டு ஒன்றை, "நோய் பிடித்துக் கறுப்பு உரிகிறது" என்று ஓர் ஆசிரியை பிடித்துக் கொண்டுவந்தார். அவருடைய அக்கறை உண்மையானது. ஆனால் பிடிபட்ட பயத்தாலும் பெட்டிக்குள் இருந்த சூட்டாலும் அந்தச் சிறிய உயிருக்கு நேர்ந்த பாதிப்பு, அதற்கு இல்லாத நோயை விடப் பெரிதாக இருந்தது. தேன் குடிக்கும் பறவை ஒன்று சில மணி நேரம் உணவின்றி இருந்தாலே தளர்ந்துவிடும்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பங்களில் பல தீர்ந்துவிடும். காகத்தின் கறுப்பும் மைனாவின் பழுப்பும் மெலனின் என்ற நிறமியால் ஆனவை. அதைப் பறவையின் உடலே தயாரித்துக்கொள்கிறது, மேலும் அது இறகுக்கு உறுதியையும் தருகிறது. மீன்கொத்தியின் நீலம் நிறமியே அல்ல. நீல இறகு ஒன்றை அம்மியில் வைத்து நசுக்கினால் நீலம் போய்விடும், ஏனென்றால் அது இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றும் நிறம். நிலாவெளியில் கண்ணாடி யன்னலில் மோதி இறந்த ஒரு தேன்சிட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நிழலில் அது வெறும் கரித்துண்டு போல இருந்தது; கையை வெயிலில் சற்றுச் சாய்த்ததும் கழுத்தில் ஊதாவும், இன்னும் சற்றுத் திருப்பியதும் பச்சையும் ஓடின. நிறம் இறகிலும் இருந்தது, வெயில் விழுந்த கோணத்திலும் இருந்தது.

மஞ்சளும் செம்மஞ்சளும் வேறு கதை. பொற்குருவியின் மஞ்சளும் எங்கள் மாங்குயிலின் மஞ்சளும் கரோட்டினொயிட் என்ற நிறமிகளிலிருந்து வருபவை. எந்தப் பறவையாலும் அவற்றை ஆரம்பத்திலிருந்து தயாரிக்க முடியாது. விதையிலோ, பழத்திலோ, பச்சிலை தின்று கொழுத்த மயிர்க்கொட்டியிலோ இருந்துதான் அவை உடலுக்குள் வர வேண்டும். குடலில் ஒட்டுண்ணி இருந்தால் உண்டதும் சரியாக உறிஞ்சப்படாது. அவ்வாறு பாதிக்கப்பட்ட பொற்குருவிக்கு வெளிறிய மஞ்சள் முளைப்பதும், அதே பறவையின் தலையிலுள்ள கறுப்பு அவ்வளவாகப் பாதிக்கப்படாததும் ஆய்வுகளில் கண்டறியப்பட்டவை. கிளிகள் இதில் விதிவிலக்கு. அவற்றின் சிவப்பையும் மஞ்சளையும் அவற்றின் உடலே தயாரித்துக்கொள்வதால், கரட் கொடுத்தால் கிளியின் கழுத்து வளையம் சிவக்கும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

நிறம் மட்டும் போதாது, இறகும் வேண்டும். இறகில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் கெரற்றின் என்ற புரதம். ஒரு பறவையின் இறகுகள் அனைத்தையும் சேர்த்து நிறுத்தால் அதன் எலும்புக்கூட்டை விட அதிக எடை வரும். அத்தனையையும் குறுகிய காலத்தில் புதிதாக முளைக்க வைக்கும் பறவைக்குப் பூச்சிகள் ஏராளமாக வேண்டும். இறகு மாற்றும் காலத்தில் பல பறவைகள் பாட்டைக் குறைத்துக்கொண்டு இலைமறைவில் ஒதுங்கியிருப்பதன் காரணமும் இந்தச் செலவுதான். அந்தக் காலத்தில் வளவுக்குப் பூச்சிகொல்லி அடிப்பது அந்தப் பறவைகளின் சோற்றுக் கோப்பையைத் தட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

இனி நான் மறக்க முடியாத ஒரு மாங்குயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் அதைக் கொண்டுவந்தார். மரத்தை வெட்டியபோது கூட்டோடு விழுந்த குஞ்சு என்றும், பாணை நனைத்தும் சோறும் வாழைப்பழமும் கொடுத்தும் ஏறக்குறைய ஒரு வருடம் வளர்த்ததாகவும் சொன்னார். "இவன் பாடுறதையும் விட்டிட்டான், மஞ்சளும் வெளிறிப் போச்சு" என்றபோது அவருடைய குரல் தழுதழுத்தது. அன்போடு வளர்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பறவையின் சிறகை மெதுவாக விரித்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். இறகுகளின் குறுக்கே, சவர அலகால் கீறியது போல, ஒளி ஊடுருவும் மெல்லிய கோடுகள் தெரிந்தன. இறகு வளரும்போது பட்டினியோ கடும் அழுத்தமோ நேர்ந்தால் அந்த நேரத்தில் உருவாகும் பகுதி பலவீனமாக அமைந்து இப்படிக் கோடாக நின்றுவிடும். குஞ்சுப் பருவத்தில் சிறகின் பெரிய இறகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதால், அந்தக் கோடுகளும் எல்லா இறகுகளிலும் ஒரே வரிசையில், பக்கத்துக்குப் பக்கம், ஒரே தூரத்தில் இருந்தன. கூட்டிலிருந்து பிரிந்த அந்த நாட்களை அந்தச் சிறகில் என்னால் எண்ண முடிந்தது. மார்பிலும் முதுகிலும் இருந்த உடல் இறகுகள் அதற்குப் பின், கம்பிக் கூட்டுக்குள், பாணும் சோறும் தின்று முளைத்தவை. அவை பழுத்த மாம்பழத்தின் மஞ்சளாக இருக்க வேண்டியவை. எலுமிச்சைத் தோலின் உட்புறத்தைப் போல வெளிறியிருந்தன. வாய்க்குள் வெள்ளைத் தடிப்புகளும் இருந்தன. அவை விற்றமின் ஏ குறைபாட்டின் அறிகுறி. தானியமும் பாணும் மட்டுமே தின்று வளரும் கூட்டுப் பறவைகளில், கிளிகள் உட்பட, நான் அடிக்கடி காண்பது. நிறத்தைப் பற்றிக் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் பறவையின் வாயைத் திறந்து பார்ப்பது இதற்காகத்தான்.

நிறத்துக்காகப் பறவையைக் கட்டி வைக்கும் ஆசை எங்களிடம் மட்டும் உள்ளதல்ல. சிவந்த முகமும் சிறகில் மஞ்சள் பட்டையும் கொண்ட ஐரோப்பியப் பொற்குருவியை அங்கே நூற்றாண்டுகளாகக் கூட்டில் அடைத்தார்கள். டச்சு ஓவியர் காரெல் பப்ரீற்றியஸ் 1654 இல் வரைந்த பொற்குருவி ஓவியம் இன்றும் ஹேக் நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் படத்தில் பார்ப்பவர்கள் அந்தக் குருவியின் காலில் ஓடும் மெல்லிய சங்கிலியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும், சில இனங்கள் நீங்கலாக, காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் விற்பதையும் குற்றமாக்குகின்றன. மாங்குயில் கூட்டில் வளர்க்கத்தக்கது அல்ல என்பதை அறியாமலே பலர் வளர்க்கிறார்கள்.

இன்னொரு கொடுமையையும் குறிப்பிட வேண்டும். சாதாரண நெல்லுக் குருவிகளுக்குத் துணிச்சாயம் பூசி, பச்சையும் சிவப்புமாக, "வெளிநாட்டுக் குருவி" என்று விற்றதை ஒரு சிறுமி வாங்கி வந்திருந்தாள். பறவை நாள் முழுவதும் அலகால் இறகைக் கோதும். கோதும்போது சாயம் முழுவதும் வயிற்றுக்குள் போகும். சாயத்தைக் கழுவ நினைத்துச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினால் இறகு நீரை விலக்கும் தன்மையை இழக்க, குருவி குளிரில் விறைத்துவிடும். பிள்ளைகளுக்கு இப்படி எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்; வாங்குபவர் இருக்கும் வரை பூசுபவரும் இருப்பார்.

வளவில் நிறமுள்ள பறவைகளைப் பார்க்க விரும்புவோருக்குக் கூடு தேவையில்லை. முருங்கை பூத்தால் தேன்சிட்டு வரும். பப்பாசியில் ஒரு பழத்தை மரத்திலேயே பழுக்க விட்டால் கொண்டைக் குருவியும் மாங்குயிலும் வரும். வேலியோரத்துப் புல்லை விதைக்கும் வரை விட்டுவைத்தால் நெல்லுக் குருவிகள் கூட்டமாக இறங்கும். மாரி தொடங்கும்போது இந்தியாவிலிருந்து வந்து சேரும் ஆறுமணிக் குருவிக்கு உதிர்ந்த இலைச் சருகு வேண்டும். சருகைக் கிளறித்தான் அது புழு பொறுக்கும். தினமும் கூட்டிப் பெருக்கி எரிக்கும் வளவில் அது இறங்காது. பச்சை, நீலம், சிவப்பு எனப் பல நிறங்களை ஒரே உடலில் கொண்ட அந்தப் பறவையை ஒரு மூலைச் சருகுக் குவியலுக்காக இழப்பது எனக்கு மனவருத்தம் தருகிறது.

ஆவணி வெயிலில் தண்ணீர் வைப்பது பெரிய உதவி. ஆனால் ஆழமற்ற மண்சட்டியாக இருக்கட்டும், தினமும் தண்ணீரைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். பல பறவைகள் ஒரே இடத்தில் கூடும்போது நோயும் கூடுகிறது. வட அமெரிக்காவில் 1994 அளவில் வீட்டுத் தீனிக் குழாய்களில் கூடும் குருவிகளிடையே கண் வீங்கி மூடிக்கொள்ளும் ஒரு மைக்கோப்ளாஸ்மாத் தொற்று பரவி, பொற்குருவிகளையும் பாதித்தது. அக்காவிடமும் நான் அதையே சொன்னேன்: வீட்டில் பாவிக்கும் வெளிற்றும் குளோரின் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து குழாயைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே விதை போட வேண்டும், கண் வீங்கிய குருவி தெரிந்தால் சில கிழமைகளுக்குத் தீனியையே நிறுத்த வேண்டும். எங்கள் ஊரில் தேங்கிய தண்ணீரில் பெருகும் நுளம்பு மனிதருக்கு டெங்கையும், பறவைகளின் கண்ணையும் காலையும் சுற்றிப் பரு போல எழும் அம்மை நோயையும் பரப்புகிறது.

விழுந்து கிடக்கும் பறவையைக் கண்டால் பலரும் முதலில் செய்வது அதன் வாயில் தண்ணீர் விடுவது. அதைச் செய்யவே வேண்டாம். பறவையின் மூச்சுக்குழல் வாய்க்குள் நாக்கின் அடிப்பகுதிக்குச் சற்றுப் பின்னாலேயே திறக்கிறது. விடும் துளி நுரையீரலுக்குப் போய்விடும். கண்ணாடியில் மோதி மயங்கிய பறவையைத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், அமைதியான நிழலில் ஓரிரு மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் தானாகத் தெளிந்து பறக்கும். இறகு முளைத்துத் தத்தித் தத்தித் தரையில் திரியும் குஞ்சு அநாதை அல்ல. தாய் பக்கத்திலேயே இருக்கும். பூனையைக் கட்டிவிட்டு, குஞ்சை அருகிலுள்ள கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள். மனிதர் தொட்டால் தாய் ஏற்காது என்பது தவறான நம்பிக்கை. பூனை கவ்விய பறவையை மட்டும், காயம் ஊசி முனை அளவே இருந்தாலும், அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுவர வேண்டும். பூனையின் பல்லில் உள்ள பற்றீரியா ஓரிரு நாளில் கொன்றுவிடும். மற்றவற்றுக்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அந்த இளைஞர் சம்மதித்து மாங்குயிலை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். பப்பாசியும் அத்திப்பழமும் புழுவும் கொடுத்துப் பெரிய பறப்புக் கூண்டில் வைத்தார்கள். அடுத்த இறகு மாற்றத்துக்குப் பின் அதைப் பார்க்க என்னை அழைத்தபோது மார்பு நல்ல மஞ்சளாக இருந்தது, புதிய சிறகிறகுகளில் ஒரு கோடும் இல்லை. ஆனால் மனிதரைக் கண்டதும் அது விலகிப் பறக்கவில்லை. கம்பியருகே வந்து வாயைத் திறந்து, பாண் துண்டுக்காகக் காத்து நின்றது. அதனால் இன்னும் அதை வெளியே விடவில்லை.