டெல்லி வெயில்ல போன் பேட்டரிக்கு உள்ள என்னதான் நடக்குது?

டெல்லியில இருக்குற நம்ம ஆளுங்க கிட்ட போன் பேட்டரின்னு பேச்செடுத்தாலே பர்சன்டேஜ் கணக்குதான் வரும், இருபதுக்கு கீழ விடாத, எண்பதுக்கு மேல ஏத்தாத, ராத்திரி சார்ஜர்ல போட்டுட்டு தூங்காதன்னு. தப்புன்னு சொல்லல. ஆனா மே மாசம் மத்தியானம் 45 டிகிரி அடிக்கிற ஊர்ல இந்தக் கணக்கெல்லாம் ரெண்டாம் பட்சம், பேட்டரிக்கு முதல் எதிரி சூடுதான், அது ஏன்னு புரிஞ்சுட்டா பாதி ரூல்ஸை மறந்துடலாம்.

உள்ள இருக்குறது லித்தியம் அயன் பேட்டரி. சோனி கம்பெனி 1991ல மொதல்ல விற்பனைக்கு கொண்டு வந்துச்சு, அதுக்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூணு பேருக்கும் 2019ல கெமிஸ்ட்ரி நோபல் கெடச்சுது (குட்இனஃபுக்கு அப்போ வயசு 97, அவ்ளோ வயசுல யாருமே நோபல் வாங்குனதில்ல). ஒரு பக்கம் கிராஃபைட், எதிர்ப்பக்கம் பெரும்பாலும் கோபால்ட் கலந்த ஆக்சைடு, நடுவுல எலக்ட்ரோலைட்னு ஒரு திரவம். சார்ஜ் போட்டா லித்தியம் அயனிங்க ஆக்சைடு பக்கத்துலேர்ந்து கிளம்பி கிராஃபைட் அடுக்குக்குள்ள போய் உக்காந்துக்கும், நீங்க ரீல்ஸ் பாக்கும்போது திரும்பி வந்துடும். இந்தப் போக்குவரத்து மட்டும்தான்னா பேட்டரிக்கு வயசே ஆகாது.

ஆனா கிராஃபைட்டுக்கும் அந்த திரவத்துக்கும் ஒத்துக்காது. ஃபேக்டரியில முதல் தடவை சார்ஜ் ஏத்தும்போதே திரவம் கொஞ்சம் சிதைஞ்சு கிராஃபைட் மேல மெல்லிசா ஒரு படலம் படியுது. பழகுன தோசைக்கல்லு மேல எண்ணெய் படிஞ்சு ஒரு மேல்பூச்சு வருமே, அந்த மாதிரி இது நல்லதுதான், இது இருக்குறதாலதான் திரவம் மேற்கொண்டு சிதையாம நிக்குது. சிக்கல் என்னன்னா இந்தப் படலம் வளர்றது முழுசா நிக்கிறதில்ல, மெதுவா தடிச்சுக்கிட்டே போகுது, தடிக்கிறதுக்கு லித்தியத்தை எடுத்துக்குது, அப்படி எடுத்துக்கிட்ட லித்தியம் திரும்ப வராது, உங்க போன்ல பேட்டரி ஹெல்த் 100லேர்ந்து 88க்கு வந்துச்சுன்னா அதுல பெரிய பங்கு இந்த மாதிரி மாட்டிக்கிட்ட லித்தியம்தான். இது ஒரு ரசாயன வினை, சூடு ஏற ஏற வேகமாகும், 10 டிகிரி கூடுனா சுமாரா ரெண்டு மடங்குன்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு.

இன்னொரு பக்கம் ஃபுல் சார்ஜ். அப்போ பேட்டரி செல்லோட வோல்டேஜ் 4.4 வோல்ட் பக்கம் போய் நிக்கும், அந்த வோல்டேஜ்ல ஆக்சைடு பக்கமும் திரவம் கெட ஆரம்பிக்கும். சூடும் ஃபுல் சார்ஜும் ஒண்ணா சேரும்போதுதான் ஆட்டமே. பேட்டரி யூனிவர்சிட்டிங்கிற வெப்சைட் போட்ட ஒரு டேபிள் இருக்கு, லித்தியம் அயன் பேட்டரியை 40% சார்ஜோட 25 டிகிரியில ஒரு வருஷம் சும்மா வெச்சா 96% கொள்ளளவு மிஞ்சும், அதையே ஃபுல் சார்ஜோட 40 டிகிரியில வெச்சா 65% தான். சும்மா வெச்சதுக்கே இது, யூஸே பண்ணல.

இப்போ ஜூன்ல ஒரு டெலிவரி பையனோட போனை நெனச்சுப் பாருங்க. ஹேண்டில்ல மாட்டியிருக்கு, நேர் வெயில், வெயில்ல ஸ்கிரீன் தெரியணும்னு பிரைட்னஸ் ஃபுல்லு, ஜிபிஎஸ் ஓடுது, டேட்டா ஓடுது, பவர் பேங்க்லேர்ந்து சார்ஜும் ஏறிக்கிட்டு இருக்கு. சூடு வர்ற எல்லா வழியும் ஒரே நேரத்துல திறந்து கெடக்கு. அதனாலதான் போன் தானாவே ஸ்கிரீனை மங்கலாக்கும், சார்ஜை நிறுத்தும், ரிப்பேர்னு பயப்பட வேணாம், தன்னைக் காப்பாத்திக்குது. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்ற லிமிட்டே சுத்துப்புற வெப்பம் 0லேர்ந்து 35 டிகிரி வரைக்கும்தான், நம்ம டெல்லி அதை ஏப்ரல்லயே தாண்டிடும். இந்த வேலையில இருக்குறவங்களால வெயிலைத் தவிர்க்க முடியாது, சரி, ஆனா ஆர்டருக்கு காத்திருக்குற நேரத்துல போனை நிழலுக்கு கொண்டு வர்றது, கவரைக் கழட்டுறது, வண்டி ஓடும்போது சார்ஜ் ஏத்தாம நிக்கும்போது ஏத்துறது, இதெல்லாம் முடியும். கார் டேஷ்போர்டும் இதே கதைதான். சூடாயிடுச்சுன்னு ஃப்ரிட்ஜ்ல மட்டும் வெக்காதீங்க, உள்ள ஈரம் கோத்துக்கும்.

ஃபாஸ்ட் சார்ஜிங்கைப் பத்தி ரொம்ப பயம் இருக்கு, எனக்கு அவ்ளோ இல்ல. முழு வேகம் ஆரம்பத்துல மட்டும்தான், பேட்டரி நிரம்ப நிரம்ப போனே கரண்டை குறைச்சுக்கும், கடைசி இருபது பர்சன்ட் ஆமை மாதிரி ஏறுறது அதனாலதான். அதோட சூட்டுக்குதான் கவலைப்படணும், ஏசி ரூம்ல ஃபாஸ்ட் சார்ஜ் போடுறது மொட்டை மாடி ரூம்ல தலகாணிக்கு அடியில ஸ்லோ சார்ஜ் போடுறதை விட நல்லதாவே இருக்கும். வயர்லெஸ் சார்ஜர் வீணாக்குற கரண்டும் சூடாதான் போகும். ராத்திரி சார்ஜுக்கு, 80ல நிறுத்துற செட்டிங் இப்போ நெறைய போன்ல இருக்கு, ஆன் பண்ணிட்டு தூங்குங்க. முழுசா இறக்கிட்டுதான் ஏத்தணும்ங்கிறது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து கதை, லித்தியத்துக்கு அது கெடுதல்.

ஜனவரியில நேர் எதிர் பிரச்சனை. காலையில 5 டிகிரி, மூடுபனி, ஃபோட்டோ எடுக்கலாம்னு கேமராவைத் திறந்தா 20% இருக்கும்போதே போன் அணைஞ்சிடும். குளிர்ல அயனிங்க மெதுவா நகரும், கரண்டு ஓட்டத்துக்கு உள்ள இருக்குற தடை ஏறும், கேமரா திடீர்னு நெறைய கரண்டு இழுக்கும்போது வோல்டேஜ் சரிஞ்சு விழும், பேட்டரி காலியாயிடுச்சுன்னு நெனச்சு போன் படுத்துடும். பழைய பேட்டரியில இது இன்னும் மோசம், இந்த திடீர் ஷட்டவுனைத் தடுக்கத்தான் பழைய ஐபோன்களோட வேகத்தை குறைச்சோம்னு ஆப்பிள் 2017 டிசம்பர்ல ஒத்துக்கிட்டு பெரிய சண்டையாச்சு. ஆனா குளிர்ல வர்ற இந்த குறைபாடு தற்காலிகம், ஸ்வெட்டருக்குள்ள வெச்சு சூடேறுனா சரியாயிடும். வெயில்ல போனது போனதுதான்.

அன்னாடம் சார்ஜ் சீக்கிரம் இறங்குறது தனி விஷயம், அதுல ஸ்கிரீனும் சிக்னலும்தான் பெருந்தீனி. திரையைக் கறுப்பாக்குற டார்க் மோடு, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ற ஓஎல்இடி ஸ்கிரீன்ல மட்டும்தான் சார்ஜை மிச்சம் பண்ணும், பர்டியூ யூனிவர்சிட்டி 2021ல அளந்து பாத்தப்போ பிரைட்னஸ் 30-50%ல இருந்தா மிச்சம் 3லேர்ந்து 9% தான், ஃபுல்லா இருந்தா 39லேர்ந்து 47% வரைக்கும். அதாவது வீட்டுக்குள்ள ஃபேஷன், வெயில்ல உபயோகம். சிக்னல் கம்மியான எடத்துல போன் டவரைப் புடிக்க சத்தமா கத்துற மாதிரி ட்ரான்ஸ்மிட்டர் பவரை ஏத்தும், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ஊருக்குப் போறப்போ ஒண்ணுமே பண்ணாம சார்ஜ் கரையுறதுக்கு இதுவும் ஒரு காரணம், தூங்கும்போது ஏரோபிளேன் மோடு போட்டுடுங்க. ரீசன்ட் ஆப்ஸை விரலால தள்ளித் தள்ளி மூடுறதுல பிரயோஜனம் இல்ல, திரும்பத் திறக்கும்போது முதல்லேர்ந்து லோடு ஆகி கூடத்தான் செலவாகும்.

போனோட முதுகு லேசா தூக்குனாலோ ஸ்கிரீன் ஓரம் பிரிஞ்சாலோ திரவம் சிதைஞ்சு உள்ள கேஸ் சேந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ஒரு தடவை கூட சார்ஜ் போடாதீங்க, ஆஃப் பண்ணி எடுத்துட்டு சர்வீஸ் சென்டருக்கோ கரோல்பாக் கஃபார் மார்க்கெட்ல தெரிஞ்ச கடைக்கோ போய் ஒரிஜினல் பேட்டரி மாத்திக்கோங்க. யூடியூபைப் பாத்துட்டு ஊசியால குத்தி காத்து இறக்குறேன்னு மட்டும் கிளம்பிடாதீங்க, அந்த திரவம் பெட்ரோல் மாதிரி பத்திக்கும்.