“தினமும் செய்றேன் சார்”

மூட்டுவலிக்கு வருபவர்களிடம் வீட்டில் செய்யச் சொல்லி மூன்று பயிற்சிகள் கொடுத்து அனுப்புவது வழக்கம். இரண்டு வாரம் கழித்து, “பயிற்சி நடக்குதாம்மா?” என்று கேட்டால் “தினமும் செய்றேன் சார்” என்று பதில் வரும். காலை நீட்டித் தூக்கச் சொன்னால் ஐந்தாவது தடவையே தொடை நடுங்கும். தசைக்குப் பொய் சொல்லத் தெரியாது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் போல அவர்களை விழிக்க வைத்ததில் என் பங்கும் உண்டு.

பிசியோதெரபிஸ்ட்டாகத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் பயமுறுத்தித்தான் பார்த்தேன். “இப்படியே விட்டா ஆபரேஷன்தான்.” அன்றைக்கு முகம் வாடும், மறுநாள் அதே நாற்காலி, அதே சீரியல். 2002-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. உடற்பயிற்சி இல்லாவிட்டால் இதயநோய் வரும் என்ற விளக்கத்தைச் சில கல்லூரி மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் ஒரு முறையாவது 20 நிமிடம் பயிற்சி செய்தவர்கள் அவர்களில் 35 சதவீதம். விளக்கமே கொடுக்காத குழுவில் 38. விளக்கத்தோடு ‘என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே செய்வேன்’ என்று எழுதவும் வைத்த குழுவில் 91. இளம் மாணவர்கள், ஒரே வாரம். அறுபது வயது முழங்காலுக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் அதற்கப்புறம் என் கேள்வியை மாற்றிக்கொண்டேன்.

“எப்போ செய்வீங்க?” என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “குக்கர் வைக்கும்போது” என்றார். முதல் விசில் வரும்வரை வலது கால், இரண்டாவது விசில் வரும்வரை இடது கால். சமையலறையில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டார். நான் கொடுத்த மூன்றில் இரண்டை அவரே தள்ளிவிட்டார். சரி என்றேன். தாளில் இருக்கும் மூன்றைவிட ஸ்டூலில் நடக்கும் ஒன்று மேல்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். நானாக எடுத்த முடிவு, என்னால் முடிகிறது, என்னோடு ஆள் இருக்கிறது என்ற மூன்று உணர்வும் கிடைக்கும் இடத்தில் ஊக்கம் நிலைக்கும் என்பார்கள். இதில் நடுவில் உள்ளதுதான் என் தொழிலில் கஷ்டம். வலி குறையப் பல வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பகுதி, நரம்புகள் தசையை நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது; கண்ணாடியில் எதுவும் தெரியாது. அதனால் 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி அட்டையில் எழுதுகிறேன். எட்டு, அடுத்த முறை பத்து. அந்த அம்மா அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரரிடமும் காட்டினார். இப்போது மாலையில் இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள்.

பிள்ளைகள் விஷயம் வேறு மாதிரி. பேட்மிண்டன் ஆடும் பையன், பதின்மூன்று வயது, தோள்பட்டை வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. எங்கே வலிக்கிறது என்று அவனைக் கேட்டாலும் அப்பாதான் பதில் சொன்னார். நடுவில் ஸ்போர்ட்ஸ் கோட்டா, மாவட்டப் போட்டி, ஜெயித்தால் புது போன். அவரை வெளியே உட்காரச் சொன்னேன். “ஒரு மாசம் ரெஸ்ட்னு எழுதிக் குடுங்க சார்” என்றான் மெதுவாக. அவன் வலி நடிப்பில்லை. ஆட்டத்திலிருந்து கௌரவமாக வெளியேற உடம்புக்கு வேறு வழி தெரியவில்லை என்றே எனக்குப் பட்டது.

1973-இல் அமெரிக்காவில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைப் பிள்ளைகளிடம் ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு பரிசு இல்லாத நாட்களில், மற்ற பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதிதான் இவர்கள் வரைந்தார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. ஆக, பரிசு கெட்டதில்லை. அதைப் பேரமாக்குவதுதான் வம்பு.

அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: மேட்ச் முடிந்து பைக்கில் வரும்போது ஸ்கோரைப் பற்றிப் பேசாதீர்கள். அடுத்த வாரம் வந்தவர், “அது இல்லாம அவன்கிட்ட வேற என்ன சார் பேசறது?” என்றார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

“பசிக்குதான்னு கேளுங்க” என்றேன்.